வினாக்கொத்தில் ஒரு பதில், குடத்தில் ஒரு பதில்

இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்தது மட்டக்களப்பு மாவட்டக் குடும்பங்களின் குடிநீர்ப் பழக்கம். வினாக்கொத்தில் 10 கேள்விகள். முன்னோட்டமாகக் கல்லடிப் பக்கம் 20 வீடுகளுக்குப் போனேன். "தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிப்பீர்களா?" என்று கேட்டால் பாதிக்கு மேற்பட்டோர் 'எப்போதும்' என்றார்கள், மற்றவர்கள் 'பெரும்பாலும்' என்றார்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.8ஐத் தாண்டியிருந்தது. 0.7 வந்தாலே நல்லது என்று வகுப்பில் படித்திருந்ததால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் கடைசி வீட்டில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை. அந்த அம்மாவும் 'எப்போதும்' என்றுதான் சொன்னார். நான் எழும்பும்போது, "இந்த வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க மகன், தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று குடத்துக்குள் செம்பை முக்கி எடுத்துத் தந்தார். சற்று முன்தான் கிணற்றில் அள்ளி ஊற்றிய குடம், வெளிப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. கேத்தல் அடுப்படியில் கவிழ்த்தபடி காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

அவர் என்னை ஏமாற்றவில்லை. பீஎச்ஐயும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மிட்வைஃபும் இதையேதான் வருடக்கணக்காகக் கேட்கிறார்கள், எது சரியான பதில் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கையில் ஃபைலோடு வந்த பிள்ளைக்கும் அதையே சொன்னார். பிழை என் கேள்வியில் இருந்தது.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். "தம்பி, நல்ல பெயர் வாங்க நினைக்கிறவர் பத்துக் கேள்விக்கும் நல்ல பதில்தான் சொல்லுவார். பதிலெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், ஆல்ஃபாவும் கூடும். நீர் அளந்தது பழக்கத்தை இல்லை, கூச்சத்தை" என்றார். நம்பகத்தன்மை (பதில்கள் மாறாமல் ஒத்து வருவது) வேறு, செல்லுபடித்தன்மை (அளக்க நினைத்ததையே அளப்பது) வேறு என்று இரண்டாம் வருடத்தில் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் எடுத்தவன் நான். அது என்னவென்று விளங்கியது அன்றைக்குத்தான்.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். 'எப்போதும்', 'பெரும்பாலும்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, "இன்று காலையில் பிள்ளை குடித்த தண்ணீர் எதிலிருந்து எடுத்தது? அதைக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். பாத்திரத்தைப் பார்த்து நானே குறித்துக்கொண்டேன். ஒரு வீட்டுக்கு எடுத்த நேரம் இரண்டு மடங்கானது. எவ்வளவு நேரம் போனாலும் இதில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள்.

அடுத்த அடி தலைப்புக்கு விழுந்தது. மட்டக்களப்பு மாவட்டம் என்று போட்டிருந்தேன், தெரிவுசெய்த வீடுகளோ முழுக்க வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், பஸ் போகும் றோட்டுக்குப் பக்கத்தில். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வீடும் இல்லை. "படுவான்கரை எந்த மாவட்டம் தம்பி?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அன்றைக்குப் பின் கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பட்டியலை வாங்கி, எழுமாறாக வீடுகளைத் தெரிந்து, குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிப் படுவான்கரையில் உள்ள மண்டூருக்கும் போனேன். காலை பத்து மணிக்குப் போனால் பல வீடுகள் பூட்டு. வெட்டுக் காலம், ஆட்கள் வயலில். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று கை துடிக்கும். செய்யாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களும் வயலுக்குப் போகிறவர்களும் ஒரே மாதிரி வாழ்கிறவர்கள் இல்லை. நான் பின்னேரம் திரும்பப் போனேன்.

ஆட்தொகை கூடினால் இந்தப் பிழை கரைந்துவிடும் என்று நினைப்பவர்கள் 1936 அமெரிக்கத் தேர்தலைப் படியுங்கள். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குத்தாள் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று எழுதினார்கள், 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் வென்றார். முகவரிகளில் பெரும்பங்கு தொலைபேசிப் பட்டியலிலும் கார்ப் பதிவிலும் எடுத்தவை. அந்தப் பொருளாதார மந்த காலத்தில் யார் வீட்டில் கார் நின்றிருக்கும்? பதில் அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்களாகவே இருந்தார்கள்.

சரி, காரணம் பற்றியும் ஒன்று. கொதித்த தண்ணீர் குடிக்கும் வீட்டில் வயிற்றோட்டம் குறைவு என்று வந்தாலும், அதே வீட்டில் நல்ல மலசலகூடமும் கட்டுக்கிணறும் படித்த தாயும் இருக்கலாம். எது காத்தது? அவற்றையும் முதலே கேட்டு வைத்திருந்தால்தான் பிரித்துப் பார்க்கலாம். தரவு சேர்த்து முடிந்தபின் யோசித்துப் பயனில்லை. அதுவும் ஒரே தடவை போய்க் கேட்ட ஆய்வில் 'தொடர்பு' என்று எழுதுங்கள், 'காரணம்' என்று எழுத வேண்டாம்.

வாய்மொழிப் பரீட்சையில் ஒரு பரீட்சகர் குறைபாடுகள் எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இவ்வளவு குறை எழுதியிருக்கிறீர், பிறகு எதைத்தான் நம்புறது?" என்று கேட்டார். தொண்டை வரண்டது. "நான் கண்ணால் கண்ட பாத்திரங்களை நம்பலாம் சேர். அதுவும் நான் போன அந்த நாளுக்கு மட்டும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினார்.