மானுடவியல் ஆப்ஷனல்: பெயரை விடுங்கள், எலும்பைப் பிடியுங்கள்

சிவில் சர்வீஸ் மெயின்ஸுக்கு மானுடவியலை விருப்பப் பாடமாக (ஆப்ஷனல்) எடுத்தவர்களில் பலர் மிரள்வது முதல் தாளின் மனிதப் பரிணாமப் பகுதியில்தான். பாதிப் பெயர் வாயில் நுழையாது. நான் பெயர்ப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, தலைப்புக்கு ஒரு எலும்புக்கூடு என்று படித்தேன்.

அழிந்துபோன மனித வகையான நியண்டர்தாலுக்கு சிலபஸே லா ஷாப்பெல் ஓ சான் என்று இடத்தைச் சொல்கிறது. 1908-இல் பிரான்சின் அந்த ஊரில் கிடைத்த எலும்புக்கூடுதான் நம் ஆள். அந்த மண்டையோட்டைப் பக்கவாட்டில், பார்க்காமல் வரையப் பழகுங்கள்: தடித்த புருவமேடு, பின்தலையில் கொண்டை போட்டதுபோல் புடைப்பு, மோவாய் இல்லாத தாடை. மூளைக் கொள்ளளவு சுமார் 1,600 கன செ.மீ.; நம் சராசரியைவிட அதிகம்! கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் விழுந்து, குழிகளை எலும்பு மூடியிருக்கிறது. பல் போன பிறகும் மனிதர் வாழ்ந்திருக்கிறார். கூட்டத்தார் பார்த்துக்கொண்டார்களா என்ற விவாதம் இங்கிருந்து கிளம்பியது. பிரெஞ்சு ஆய்வாளர் மார்செலின் பூல் இவரை வைத்துத்தான் முழங்கால் மடங்கிய, கூன் விழுந்த குகை மனிதனை உருவாக்கினார். 1957-இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இரு ஆய்வாளர்கள் மறுபடி ஆராய்ந்து, இந்த எலும்புக்கூட்டு மனிதருக்கு மூட்டுவாதம் இருந்ததை எடுத்துக்காட்டி, நியண்டர்தால்கள் நம்மைப் போல் நிமிர்ந்தே நடந்தார்கள் என்றனர். 15 மதிப்பெண்ணுக்கு இதிலேயே சரக்கு இருக்கிறது. கடைசியில் ஸ்வாண்டே பாபோ குழுவின் 2010 நியண்டர்தால் மரபணு ஆய்வை ஒரு வரி சேர்த்தால் போதும்.

இரண்டாம் தாளில் இந்தியப் புதைபடிவங்கள் வரும் இடத்தில் கவனம். ராமபிதேகஸ் என்ற புதைபடிவக் குரங்கை மனித மூதாதை என்று சொல்லும் பழைய நோட்ஸ் இன்னும் ஜெராக்ஸ் கடைகளில் ஓடுகிறது. அது சிவபிதேகஸ் என்ற இன்னொரு புதைபடிவ இனத்தில் அடங்கிவிட்டது, உறவும் ஒராங்குட்டானோடுதான். நர்மதை மனிதனுக்கு நினைவில் வைக்க: 1982, மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோரா, கண்டெடுத்தவர் அருண் சோனாகியா, கிடைத்தது மண்டையோட்டின் ஒரு பகுதி. அது ஹோமோ எரெக்டஸ் என்ற பழைய மனித இனமா, நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் தொன்மையான வடிவமா என்ற சண்டை முடியவில்லை. இரு தரப்பையும் எழுதுங்கள், நீங்கள் தீர்ப்பு சொல்லக் கிளம்பாதீர்கள். கல்லாயுதத்துக்கு நம்ம ஊர் அத்திரம்பாக்கம் (சென்னைக்கு அருகே) கைவசம் இருக்கட்டும்: அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்றது சாந்தி பப்பு குழு, 2011-இல்.

மனித இனத்தின் எதிர்காலம் என்று கேட்டால் பலர் செவ்வாய்க்குக் குடிபோய்விடுகிறார்கள். அது கட்டுரைத் தாளில் செல்லுபடியாகலாம், இங்கே ஆதாரம் வேண்டும். பரிணாமம் நின்றுவிடவில்லை என்று தொடங்குங்கள். பெரியவர்களான பிறகும் பால் செரிக்கும் திறன் பரவியது கால்நடை வளர்ப்புக்குப் பிறகுதான். திபெத்தியர்கள் மலை உயரத்தைத் தாங்க உதவும் மரபணு அழிந்துபோன இன்னொரு மனித வகையான டெனிசோவன்களிடமிருந்து வந்தது. அப்புறம் 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குய் கருவிலேயே மரபணுவைத் திருத்திப் பிறக்கச் செய்த குழந்தைகள். அவர் சிறைக்குப் போன கதையையும் குறித்து வையுங்கள், அறவியல் தாளிலும் கைகொடுக்கும்.