அக்கா மகளின் சமையலறைக்கு வாங்கியவையும் வாங்காதவையும்

சென்ற தை மாதம் என் அக்கா மகளுக்குத் திருமணம் நடந்தது. மணமக்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வாடகை வீட்டை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்கள். சீர்ப் பாத்திரங்களை அக்கா பார்த்துக்கொண்டாள். மின்சாதனங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பெண் அனுப்பிய பட்டியலில் ஏர் ஃபிரையர், ஓவன், டோஸ்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மின்கெட்டில் என்று பதினொரு பொருள்கள் இருந்தன. கிரைண்டர் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “மாவுதான் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறதே சித்தி” என்றாள்.

நான் கடைக்குப் போகவில்லை. முதலில் அந்த வீட்டுக்குப் போனேன். சமையல் மேடை ஏழடி நீளம் இருந்தது. அதில் அடுப்புக்கும் தொட்டிக்கும் போக மிஞ்சியது மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. சுவரில் மூன்று சாக்கெட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுதான் பெரிய துளைகள் கொண்ட 16 ஆம்பியர் சாக்கெட். மற்ற இரண்டும் 6 ஆம்பியர். 230 வோல்ட் மின்சாரத்தில் 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கக்கூடியது ஏறத்தாழ 1,380 வாட். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்போ 9 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலேயே, மாற்றுப் பிளக் ஒன்றைச் செருகிச் சிறிய சாக்கெட்டில் இண்டக்‌ஷன் அடுப்பை ஓட்டி, ஒரு மழைநாள் இரவில் பிளாஸ்டிக் கருகிய வாடையோடு அந்தச் சாக்கெட்டையே கழற்றி எறிய வேண்டியதாயிற்று. ஆகவே இந்த வீட்டில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய கனமான சாதனம் ஒன்றுதான் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. வாடகை வீட்டில் சுவரை உடைத்துப் புதிய வயர் இழுக்க உரிமையாளர் சம்மதிக்க மாட்டார்; புகைபோக்கிக்குத் துளை போடவும் விடமாட்டார். பட்டியலில் நான்கு பொருள்கள் அன்றே அடிபட்டன.

அதன் பிறகு, இருவரும் ஒரு வாரத்தில் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். ஐந்து நாள் காலை இட்லி அல்லது தோசை, இரண்டு நாள் இரவும் தோசை என்று வந்தது. இவ்வளவு மாவு செலவாகும் வீட்டில் கிரைண்டர் வேண்டாம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மிக்சியின் பிளேடு நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழன்று உளுந்தை வெட்டுகிறது. அந்த வேகத்தில் மாவு சூடேறும். கல்லோ மெதுவாகச் சுழன்று நசுக்கி அரைப்பதால் மாவில் காற்று ஏறுகிறது. உளுந்து பொங்கி வருவதும், அதே ஆழாக்கில் மாவு கூடுதலாகக் காண்பதும் அதனால்தான். மிக்சியில் அரைத்தே ஆகவேண்டும் என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரைக்கலாம். இட்லி சுமாராக வரும், அவ்வளவுதான்.

மின்சாரக் கிரைண்டர் நம் ஊர்ச் சரக்கு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லோடு மோட்டாரை இணைத்ததில் தொடங்கிய தொழில் அது; இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இருந்தாலும் கர்வத்துக்காகப் பெரிய கிரைண்டரை வாங்கிவிடக் கூடாது. இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு ஆழாக்கு உளுந்தைப் போட்டால் அது கல்லுக்குச் சிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தள்ளிக்கொடுக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்றே கால் லிட்டர் போதும் என்று முடிவுசெய்தேன். கடையில் நான் பார்த்தது மூன்றே விஷயங்கள்: மாவோடு சேர்த்து அந்தப் பாத்திரத்தை ஒரு பெண் தனியாகத் தூக்க முடிகிறதா, குழவிக்கற்களைச் சட்டென்று கழற்றிக் கழுவ முடிகிறதா, கல் இருக்கும் அச்சின் இடுக்கில் மாவு தங்குகிறதா. தேங்காய் துருவியும் மாவு பிசையும் கருவியும் இலவசம் என்று விற்பனையாளர் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த வீடுகளில் அவை பரண்மேல்தான் இருக்கின்றன. மற்றொன்று, கிரைண்டர் மேடைமேலேயே நிரந்தரமாக இருக்க வேண்டும். கீழ் அலமாரியிலிருந்து தூக்கி வைத்து அரைக்க வேண்டிய கிரைண்டரை மூன்றாம் வாரத்துக்குமேல் யாரும் தொடமாட்டார்கள். மூன்றடி மேடையில் ஓரடி அதற்கே போயிற்று.

மிக்சியைப் பற்றிச் சொல்லும்போது மாத்தூர் நினைவுக்கு வருகிறார். 1960-களில், மனைவி வைத்திருந்த வெளிநாட்டு மிக்சி நம் சமையலுக்குத் தாங்காமல் பழுதாகிவிட, பொறியாளரான சத்ய பிரகாஷ் மாத்தூர் நம் அரைப்புக்கென்றே சுமீத் மிக்சியை உருவாக்கினார். பழச்சாறு அடிக்கும் இயந்திரமும் காய்ந்த மிளகாயும் தனியாவும் பொடிக்கும் இயந்திரமும் ஒன்றல்ல. பொடி வகைகளை வீட்டிலேயே அரைப்பவர்கள் 750 வாட் வாங்குவதே நல்லது. சட்னியோடு நிற்பவர்களுக்கு 500 வாட் போதும். அதைவிட முக்கியம் சின்ன ஜார். இரண்டு பேருக்கான சட்னி பெரிய ஜாரில் பிளேடுக்கு எட்டாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த மிக்சி திடீரென்று நின்றால் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனைச் சற்று ஆறவிட்டு அழுத்த வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தேன். இது தெரியாமல் பழுதுபார்ப்பவரிடம் பணம் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்தால் மாற்ற, அந்த ஊர்த் தெருக்கடையிலேயே கிடைக்கும் ரகமாகப் பார்த்து வாங்கினோம்.

குக்கரில் அதிகம் யோசிக்கவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை, சாதமும் பருப்பும் அடுக்கில் வைக்க ஐந்து லிட்டர், இண்டக்‌ஷனிலும் வைக்கும்படி அடிப்பாகம் காந்தம் ஒட்டும் எஃகு. அக்கா சீரில் வைத்த ஈயச் சொம்புக்குத்தான் தனிப்பாடம் நடத்த வேண்டியிருந்தது. அது இண்டக்‌ஷனில் சூடேறாது. கேஸ் அடுப்பிலோ, ரசத்துக்கான புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே தீயைப் பற்றவைக்க வேண்டும். சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால்தான் அது பிழைக்கிறது.

ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரங்களை எண்ணாமல், அந்த ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட் கணக்கை ஒப்பிட்டேன். நட்சத்திர விதிகள் அவ்வப்போது கடுமையாவதால், பழைய ஆண்டின் ஐந்து நட்சத்திரமும் புதிய ஆண்டின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்கும் நம் ஊரில் யூனிட் கணக்குதான் பேசும்.

இண்டக்‌ஷன் அடுப்பை நான் பட்டியலில் விட்டுவைத்ததற்குக் காரணம் இருந்தது. புதிய கேஸ் இணைப்பில் ஒரே சிலிண்டர்தான் வாங்கியிருந்தார்கள். அது தீர்ந்த அன்று கை கொடுக்க ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். மின்கெட்டிலை மட்டும், வெந்நீர் வைக்க ஒரு பாத்திரம் போதாதா என்று அடித்துவிட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை.

ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கிரைண்டர் நான் வைத்த இடத்திலேயே இருந்தது, வாரம் ஒருமுறை ஓடுகிறது. அந்த ஒரே 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஒரு கெட்டில் செருகப்பட்டிருந்தது. காலை காபி முதல் இரவு வெந்நீர்வரை ஒரு நாளைக்கு ஆறேழு முறை அது கொதிக்கிறதாம். இண்டக்‌ஷன் அடுப்பு, சிலிண்டர் தீர்ந்த இரண்டு நாள் மட்டும் வெளியே வந்துவிட்டு, மறுபடியும் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணில் இருக்கிறது.