24 வோல்ட் லாரியில் ஹெட்லைட் பல்பு மாற்றிய அனுபவம்

லாரிக்கு ஹெட்லைட் பல்பு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்பவை இரண்டுதான்: வெளிச்சம் கூடுதலாக இருக்க வேண்டும், சீக்கிரம் பியூஸ் போகக் கூடாது. ஹாலஜன் பல்பைப் பொறுத்தவரை இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. டங்ஸ்டன் இழை எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவு வெண்மையாகவும் பிரகாசமாகவும் எரியும். அவ்வளவு விரைவாகத் தேயவும் செய்யும். அப்படியானால் எந்தப் பல்பை வாங்குவது என்ற கேள்வியோடு தொடங்கிய வேலை, பெரும்பாலும் வயர்களிலேயே கழிந்தது.

வண்டி என் அண்ணனுடையது. நாமக்கல்லில் கேபின் கட்டிய பழைய அசோக் லேலண்டு. மின்வேலை எனக்குப் பொழுதுபோக்கு என்பதால், இரவில் சாலை தெளிவாகத் தெரியவில்லை, டிம் பல்பும் அடிக்கடி போகிறது என்று அவர் சொன்னதும் பொறுப்பை நானே வாங்கிக்கொண்டேன். பல்பு எச்-4 வகையைச் சேர்ந்தது. 1971 முதல் இருந்துவரும் இவ்வகையில், ஒரே கண்ணாடிக்குள் டிம்முக்கு ஓர் இழையும் பிரைட்டுக்கு ஓர் இழையும் இருக்கும். கார்களின் 12 வோல்ட் பல்பு 60/55 வாட். லாரிகளின் 24 வோல்ட் பல்பு 75/70 வாட்.

பியூஸ் போன பல்புகளை அண்ணன் எறிந்துவிடாமல் டூல் பெட்டியிலேயே போட்டு வைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது. செத்த பல்பைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். கண்ணாடியின் உட்புறம் கறுத்து, இழையின் முனைகள் உருகி உருண்டை கட்டியிருந்தால், அது வயதாகியோ வோல்ட்டேஜ் கூடியோ போன பல்பு. உள்ளே வெண்புகை படிந்தாற்போல் இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் சுத்தமாக ஒடிந்திருந்தால் அதிர்வு என்று கொள்ளலாம். டூல் பெட்டியில் கிடந்தவற்றுள் பெரும்பாலானவை இந்த மூன்றாம் ரகம்.

லாரி பல்புகளுக்கு இது இயல்பாகவே உள்ள பலவீனம். அதே வாட் திறனை 24 வோல்ட்டில் தரும்போது ஓட வேண்டிய மின்னோட்டம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. எனவே இழையை 12 வோல்ட் பல்பின் இழையைவிட மெல்லியதாகவும் நீளமாகவும் செய்ய வேண்டியிருக்கிறது. பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஓடும் லாரி, காலியாகப் போகும்போது குலுங்கும் குலுக்கலில் அந்த மெல்லிய இழை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, இடப்பக்க விளக்கில் பல்பைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப் தளர்ந்து, பல்பு விரலால் தொட்டாலே ஆடியது.

அதிர்வு பல்பு போவதற்குக் காரணம் சொல்கிறதே தவிர, வெளிச்சம் மங்கியதற்குச் சொல்லவில்லை. அதற்கு மல்டிமீட்டரை எடுக்க வேண்டியிருந்தது. எஞ்சின் ஓட, டிம் எரிந்துகொண்டிருக்க, பேட்டரி முனைகளில் 27.6 வோல்ட் இருந்தது. பல்பின் ஹோல்டரில் 24.9 மட்டுமே. காணாமற்போன 2.7 வோல்ட்டில் 1.9 பாசிட்டிவ் வயரிலும் சுவிட்சிலும், 0.8 எர்த் பக்கத்திலும் தங்கியிருந்தது. பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில் அளந்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. மின்சாரம் ஓடும்போதுதான் வயரின் தடை வோல்ட்டேஜை விழுங்கும்.

2.7 வோல்ட் கேட்பதற்குச் சிறிய தொகை. ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கைப் பின்பற்றி ஏறி இறங்குவதால், வோல்ட்டேஜில் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் 30 சதவீதம் போய்விடும். 24 வோல்ட் பல்புகளைச் சோதித்து மதிப்பிடுவது 28 வோல்ட்டில் என்பதால், எங்கள் லாரியில் எந்தப் பல்பை மாட்டினாலும் அதன் உரிய வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் சாலையில் விழுந்திருக்கும். கடையில் எத்தனை ரூபாய் கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான்.

எனவே முதலில் ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சு. பழைய அமைப்பில் விளக்கின் முழு மின்னோட்டமும் டேஷ்போர்டு சுவிட்சு வரை போய்த் திரும்பி வந்தது. இப்போது அந்தப் பழைய வயர் ரிலேயின் 85, 86 முனைகளை மட்டும் இயக்குகிறது; அதில் ஓடுவது நூறு மில்லி ஆம்பியர் அளவே. விளக்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 30-ஆம் முனைக்கு வந்து, 87 வழியாக பல்புக்குப் போகிறது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள்; ஒவ்வொன்றுக்கும் தனியாக 10 ஆம்பியர் பியூஸ். இரண்டு டிம் பல்புகளும் சேர்ந்து 6 ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும் என்பதால் அது தாராளம். கடையில் 12 வோல்ட் ரிலேயைத் தவறுதலாக எடுத்துக் கொடுப்பதும் உண்டு. உறையில் 24 என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். எர்த்தை கேபின் தகட்டில் முறுக்காமல், தனி வயராக இழுத்துச் சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி போல்ட் போட்டேன். இளகத் தொடங்கியிருந்த பிளாஸ்டிக் ஹோல்டர்களுக்குப் பதிலாகப் பீங்கான் ஹோல்டர்களும், புதிய கிளிப்புகளும் வந்தன.

முடித்தபின் ஹோல்டரில் 27.2 வோல்ட். பழைய பல்பையே மாட்டிப் பார்த்தபோது, கணக்குப்படி வெளிச்சம் 35 சதவீதம் கூடியிருக்க வேண்டும். கண்ணுக்கும் வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. ஆனால் இதற்கும் விலை உண்டு. பல்பின் ஆயுள் வோல்ட்டேஜின் ஏறத்தாழ 13-ஆம் அடுக்குக்கு எதிர்த்திசையில் போகிறது. முன்பு பாதிப் பசியோடு எரிந்த அதே பல்பு, இப்போது முழுச் சாப்பாடு கிடைத்ததும் மூன்றில் ஒரு பங்கு காலமே உழைக்கும். சார்ஜிங் வோல்ட்டேஜ் 28-ஐத் தாண்டி 5 சதவீதம் ஏறிவிட்டால் மிச்ச ஆயுளிலும் பாதி போகும் என்பதால், எஞ்சினை நன்றாக ரேஸ் செய்து டைனமோவின் வோல்ட்டேஜையும் சரிபார்த்தேன். எல்லை மீறவில்லை.

பல்பைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இங்கேதான் முறையாக எழுகிறது. கடை அலமாரியில் '100 சதவீதம் கூடுதல் வெளிச்சம்', '130 சதவீதம்' என்ற அட்டைப்பெட்டிகள் கண்ணைப் பறிக்கின்றன. வாகனப் பல்புகளுக்கான ஐக்கிய நாடுகளின் 37-ஆம் விதிப்படி 24 வோல்ட் எச்-4 பல்பு 28 வோல்ட்டில் பிரைட்டுக்கு 1900 லூமனும் டிம்முக்கு 1200 லூமனும் தர வேண்டும் (லூமன் என்பது மொத்த ஒளியின் அளவு). கூடவோ குறையவோ 15 சதவீதம்தான் அனுமதி. அங்கீகாரம் பெற்ற எந்தப் பல்பும் மொத்த ஒளியை இரட்டிப்பாக்க முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும். அட்டைப்பெட்டி சொல்லும் சதவீதம், சாலையில் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் விழும் ஒளியைப் பற்றியது. இழையை இன்னும் நெருக்கமாகச் சுற்றி, இன்னும் சூடாக எரியவிட்டு, செனான் வாயுவை அழுத்தி நிரப்பி அதைச் சாதிக்கிறார்கள். அந்தப் பகுதி உண்மையிலேயே பளிச்சென்று இருக்கும். ஆயுள் குறைவதும் அதே காரணத்தால்தான். இரவில் மணிக்கணக்காக ஓடும் லாரிக்கு இது ஏற்றதாக எனக்குப் படவில்லை.

நீலப்பூச்சு பல்புகளை எடுத்ததும் தள்ளிவிட்டேன். பூச்சு என்பது ஒளியில் ஒரு பகுதியை வடிகட்டி நிறுத்துவது. வெண்மை தெரியும், தூரம் தெரியாது. கூடுதல் வாட் பல்புகளை விற்பவர்களும் உண்டு. அவை சாலைக்கு அங்கீகாரம் பெறாதவை என்பது ஒருபுறமிருக்க, கூடும் சூட்டில் ஹோல்டர் உருகும், ஒளியை முன்னால் திருப்பும் ரிப்ளெக்டரின் பூச்சு மங்கும். புதிய வயரிங் போட்டதன் பலன் அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்இடி பல்பைப் பற்றி அண்ணனுக்கு ஆசை இருந்தது. ஹெட்லைட்டின் ரிப்ளெக்டரும் கண்ணாடியும், இழை இன்ன இடத்தில், இன்ன நீளத்தில் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. எச்-4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. எதிரே வருபவரின் கண்ணில் ஒளி படாமல் வெட்டுவது அதுதான். எல்இடி சில்லின் இடம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலும் அந்த வெட்டு கலைந்து, ஒளி மேலே சிதறும். வண்டிக்கு முன்னால் பத்தடி பகல்போல் இருக்கும், ஓட்டுநருக்கு நிறைய வெளிச்சம் வந்துவிட்டது போலவும் தோன்றும்; தூரத்தில் சாலை முன்பைவிட இருட்டாக இருக்கும். எல்இடி போட்ட வண்டிகளை எதிரில் சந்திக்கும் எவருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. கலங்கிய அண்ணனைச் சமாதானம் செய்ய கேபினுக்குள் எல்இடி விளக்குப் போட்டுக் கொடுத்தேன்.

மிஞ்சியது, லாரிகளுக்கென்றே வரும் அதிர்வு தாங்கும் நீண்ட ஆயுள் ரகம். பிலிப்ஸின் மாஸ்டர்டியூட்டி, ஓஸ்ராமின் ட்ரக்ஸ்டார் போன்றவை இவ்வகை. இவற்றில் இழையைத் தாங்கும் அமைப்பு உறுதியானது. எங்கள் வண்டியில் பல்பைக் கொன்றது அதிர்வு என்று தெரிந்திருந்ததால் தேர்வு எளிதாயிற்று. வெளிச்சத்தை ரிலே மீட்டுத் தந்துவிட்டது. பல்பிடம் இனி கேட்க வேண்டியது உழைப்பு மட்டும். வாங்கும்போது வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் எண்ணும் கொண்ட அங்கீகார முத்திரை அடிப்பாகத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்தேன். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பைக் கெடுக்கும்.

ஒளியின் உயரத்தைச் சரிசெய்வதற்கு லோடு ஏற்றிய நிலையில் வண்டியை நிறுத்தினோம். பின்பக்கம் அமுங்கும்போது முன்பக்கம் நிமிர்ந்து ஒளி ஏறிவிடும் என்பதால், காலி வண்டியில் சரியாக இருப்பது லோடு வண்டியில் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 15 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகுகளைத் திருப்பினேன். நம் சாலையில் இடப்பக்கம் செல்வதால், விளிம்பின் வலப்பாதி தட்டையாகவும் இடப்பாதி சற்று ஏறியும் இருக்க வேண்டும்.

தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் இரவில் ஓட்டிப் பார்த்தபோது, வளைவில் இடப்புற ஓரத்தின் வெள்ளைக்கோடு டிம்மிலேயே தொடர்ந்து தெரிந்தது. எதிரே வந்தவர்கள் யாரும் பிரைட் அடித்து எச்சரிக்கவில்லை. வலப்பக்க விளக்கு மட்டும் இடப்பக்கத்தைவிட மஞ்சளாகவும் மங்கலாகவும் இருக்கிறது. இரண்டு ஹோல்டரிலும் வோல்ட்டேஜ் ஒன்றே என்பதால் பல்பையோ வயரையோ சந்தேகிக்க இடமில்லை. உள்ளே தண்ணீர் புகுந்து ரிப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருக்கிறது. துணியால் தேய்த்தால் மிச்சப் பூச்சும் கையோடு வந்துவிடும். முழு செட்டாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். வந்ததும், லோடு இருக்கும் நாளாகப் பார்த்து, அந்தப் பக்கத்தின் உயரத்தை மறுபடியும் சுவரில் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.