வெள்ளத்தில் மிதந்த வாழையில் ஓர் உறி

உறி தொங்குகிறது. கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்துதான். ஆனால் மூன்று வாரமாக இரண்டு கிலோ வெங்காயத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

2024 ஜூலை 30ஆம் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. விநாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் இறங்க, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் உபரியைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டார்கள். படுகையில் இருக்கும் எங்கள் தெரு மொத்தமும் பள்ளிக்கூடத்துக்குக் குடிமாறியது. ஆடிப்பெருக்கும் அங்கேதான். ஆற்றில் இறங்கத் தடை என்பதால் குழாயடியில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள்.

பொழுது போகாமல் வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு ஆயா கரையோரம் ஒதுங்கிக் கிடந்த வாழை மரம் ஒன்றை இழுத்துவரச் சொன்னார். தார் வெட்டிய மரம். வெளிப் பட்டைகளைத் தள்ளிவிட்டு, நடுப் பட்டையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டினார். சதை வழவழவென்று வழிந்து போக, நார் மட்டும் நின்றது. நான் சுரண்டியதில் முதலில் நாரும் சேர்ந்து போனது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்தால் அறுக்கும். படுக்கவைத்து இழுக்க வேண்டும். இது பிடிபடவே அரை நாள்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம், சீக்கிரம் காயட்டும் என்று நாரைத் தகரக் கூரையில் போட்டது. மொறமொறவென்று உடைந்தது. நிழலில்தான் காயவைக்க வேண்டுமாம். தண்ணீரில் மூன்று நாள் ஊறிய மரத்தையும் முயன்று பார்த்தேன். நார் கறுத்து, நாற்றமும் வந்தது. புது மரமே சரி.

நாரைக் கயிறாகத் திரிப்பதுதான் உண்மையான வேலை. நாரை இரண்டு புரியாக, அதாவது இரண்டு இழையாகப் பிரித்து, ஈரக் கையால் இரண்டையும் தனித்தனியாகத் தொடையில் முன்னால் உருட்டி, கையை எடுக்காமல் இரண்டையும் சேர்த்துப் பின்னால் இழுக்க வேண்டும். எனக்கு முறுக்கு நிற்கவே இல்லை. "ரெண்டையும் சேர்க்கும்போதும் அதே பக்கம் முறுக்கினா எப்படிப்பா நிக்கும்? எதிர்ப்பக்கம் இழு" என்றார் ஆயா. மூன்றாம் நாள் ஒரு முழம் கயிறு ஒழுங்காக வந்தது. தொடை சிவந்து எரிந்தது தனிக் கதை.

அதற்குள் வராண்டாவே பட்டறையாகிவிட்டது. ஒரு அக்கா வயர் கூடைப் பின்னலை நாரில் போட்டுப் பார்த்தார், அவ்வளவாகச் சரிவரவில்லை. பிள்ளைகள் பனையோலையில் கிளி செய்தார்கள். ஆயா எனக்குப் பிரிமணை, அதாவது பானை உட்காரும் வளையம், சுற்றக் காட்டினார். அதைச் சுற்றி நான்கு கயிறு கட்டி மேலே முடிந்தால் உறி. வெள்ளம் வரும் ஊரில் அரிசிப் பானையை உயரத்தில் வைக்க அந்தக் காலத்தில் அதுதான் பரண் என்றார்.

வீடு திரும்பியபின் நானே செய்த முதல் உறி ஊறுகாய்ச் சாடியோடு விழுந்தது. இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் புது நார் ஒட்டியிருந்தேன். ஒன்றின் ஒட்டுக்கும் மற்றதன் ஒட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டதும் இரண்டாவது நின்றது.

ஆயா நேற்று வந்து அதை ஆட்டிப் பார்த்தார். "இந்த ஒரு கயித்தை மட்டும் அவுத்துக் கட்டு" என்றார். இன்று சாயங்காலம் அந்த வேலை.