நான்தான் ஏற்றிவிட்டேன்

"அவளாகவே ஏறினாளா?"

கேட்டது அவ்வளவுதான். குழந்தையின் உதட்டில் கசிந்த ரத்தத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார் எங்கள் பிரிவின் பொறுப்பாளர். குரலில் கோபம் இல்லை. "இல்லை, நான்தான் ஏற்றிவிட்டேன்" என்றேன். "அப்படியென்றால் அவளுக்கு இறங்கத் தெரிந்திருக்காது" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, எந்தக் கிளையில் நின்றாய், கால் எங்கே வழுக்கியது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பேச்சு இன்னும் என்னை விடவில்லை.

நார்வேயில் பார்னஹாகே எனப்படும் மழலையர் பள்ளி வேலையில் சேர்ந்த முதல் நான்கு மாதமும் நான் கேட்டதெல்லாம் "விடு, அவர்களே பார்த்துக்கொள்வார்கள்" என்பதுதான். ஊரில் ஆறு வருடம் எல்.கே.ஜி. வகுப்பு எடுத்தவள் நான். பென்சில் சரியாகப் பிடிக்காத குழந்தையின் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறேன். இங்கே ஐந்து வயதுப் பிள்ளை கையில் கத்தியைக் கொடுத்து, உட்கார்ந்து குச்சி சீவச் சொல்கிறார்கள். ஒரு வயதுக் குழந்தைகள் குளிர்காலத்திலும் வெளியே தள்ளுவண்டியில், கம்பளி உறைக்குள் தூங்குகிறார்கள். எழுத்தா? ஆறு வயதில் பள்ளிக்குப் போனால் கற்றுக்கொள்வார்கள். 1997 வரை அதுவும் ஏழு வயதில்தானாம். மதிப்பெண் எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு இதெல்லாம் பெரியவர்களின் அக்கறையின்மையாகத்தான் தெரிந்தது.

நார்வேஜிய மொழியில் பேசிக்கொண்டிருந்தாலும், பதறினால் வாயில் தமிழ்தான் வரும். "பாத்து, பாத்து!" பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாராவது பாறைமேல் ஏறினால் கீழே நிற்கிற இரண்டு பேர் "பாத்து பாத்து" என்று பாடுவார்கள். அன்பாகத்தான் பாடினார்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் அவர்களுக்குப் பயத்தின் குரலாக ஆகிவிட்டேனோ என்று இருந்தது.

அதனால்தான் அந்த அக்டோபர் காலையில், இன்று பதறக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. அவளுக்கு நான்கு வயது. மழை உடுப்பு முழங்கால்வரை சேறு, கையுறைகள் மணிக்கட்டிலிருந்து தொங்கின. மரத்தடியில் நின்று இரண்டு கையையும் என்னை நோக்கித் தூக்கினாள். நான் யோசிக்கவே இல்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, என் தோள் உயரத்துக் கிளையில் உட்காரவைத்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பார்த்ததும், தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்த சக ஊழியர்கள் பக்கம் ஒரு முறை திரும்பினேன். பார்த்தீர்களா, நானும் மாறிவிட்டேன் என்று காட்டத்தான் திரும்பினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் அவள் கிளைமேல் எழுந்து நின்றிருக்கிறாள். பாசி படிந்த கிளை.

பெரியவர்கள் யாரும் இங்கே குழந்தையை மரத்தில் ஏற்றிவிடுவதில்லை. தானாக எவ்வளவு ஏற முடியுமோ, அதுதான் அந்தக் குழந்தையின் உயரம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர்களுக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. அப்படித்தான் அன்று இரவு கணவரிடம் வாதாடினேன். ஆனால் 2017-இல் வந்த பாடத்திட்ட வழிகாட்டியை நான் படித்திருந்தேன். ஆபத்தான விளையாட்டைக் குழந்தைகள் மதிப்பிட்டு, அதில் தேர்ச்சி பெறத் துணைநிற்க வேண்டும் என்று அதில் ஒரு வரி வரும். நான் அதில் 'ஆபத்தான' என்ற சொல்லுக்கு மட்டும் கோடு போட்டிருந்தேன். மதிப்பிட வேண்டியது குழந்தை. அந்த வேலையை நான் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

கூட்டத்தைக் காரணம் சொல்லவும் வழியில்லை. மூன்று வயது கடந்தவர்களில் ஆறு பேருக்கு ஒரு பெரியவர் என்று 2018 முதல் விதியே இருக்கிறது. ஊரில் என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அங்கே ஒரு பிள்ளைகூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை விட மனமில்லை. அவர்கள் ஏறவே இல்லை என்பதால்தான் விழவில்லையோ என்று உடனே தோன்றுவதையும் தடுக்க முடியவில்லை.

மாலையில் அவள் அம்மா வந்தார். பொறுப்பாளர் எதையும் மறைக்காமல் சொன்னார். அம்மா உதட்டைப் பார்த்தார், பல்லை விரலால் ஆட்டிப் பார்த்தார். "எவ்வளவு உயரத்தில் இருந்தாய்?" என்று மகளிடம் கேட்டார். அவள் தலைக்குமேல் கையை உயர்த்திக் காட்டினாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு அன்றே ஆறியிருக்கும்.

அதன் பிறகு நான் யாரையும் தூக்கிவிடுவதில்லை. அது சரி என்று மூளை சொல்கிறது. ஆனால் ஒரு குழந்தை இரண்டு கையையும் தூக்கும்போது தூக்காமல் நிற்பது, எனக்கு இன்னும் பழகவில்லை. "கொஞ்ச நாளில் அவர்களே ஏறிவிடுவார்கள்" என்கிறார் பொறுப்பாளர். பலர் ஏறுகிறார்கள். அந்த மரத்தின் பக்கமே திரும்பாத இரண்டு பேரையும் எனக்குத் தெரியும்.

அவள் போன ஆகஸ்ட்டில் பள்ளிக்குப் போய்விட்டாள். புதிதாக வந்திருக்கும் ஒரு பையன் சென்ற வாரம் அதே மரத்தடியில் நின்று கை தூக்கினான். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "கால் எங்கே வைக்கலாம், பார்" என்றேன். அவன் மரத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். கை அப்படியே இருந்தது. என் இரண்டு கையும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து அவன் கையை இறக்கிக்கொண்டு மணல் பக்கம் நடந்துவிட்டான்.