முகப்புக்குப் பாதிப் பணம்

புதுச்சேரி வைசியாள் வீதியில் எங்கள் வீடு. ஆசியா அர்ப்ஸ் என்ற ஐரோப்பிய யூனியன் திட்டம் 2002 வாக்கில் எங்கள் தெருவுக்கு வந்தபோது, பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் ஆட்கள் வீடு வீடாக ஏறினார்கள். முகப்பைப் பழையபடி சீரமைத்தால் பாதிச் செலவை அவர்கள் தருவார்கள், மீதி நம்முடையது.

"சும்மா எவன் காசு கொடுப்பான்? நாளைக்கு வீட்டையே கேட்பான்" என்றார் அப்பா. அவரைச் சம்மதிக்க வைத்ததுகூடப் பெரிதில்லை. பத்திரம் இன்னும் தாத்தா பெயரில்தான் இருந்தது. பங்காளிகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பாரிசில் இருந்த சித்தப்பா, "இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டலாமே" என்று நாலு மாதம் இழுத்தார்.

அப்புறம் வேலை. தாழ்வாரத்தை மறைத்துப் போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றினார்கள். சிமெண்ட் பூச்சைக் கொத்தியதும் உள்ளே செங்கல் ஈரம் கோத்து மாவாக உதிர்ந்தது. சுவர் மூச்சு விட வழியில்லாமல் நாங்களே அடைத்து வைத்திருக்கிறோம்! சுண்ணாம்பை ஊற வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசினார் ஒரு வயதான கொத்தனார். அவசரப்படுத்தினால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். மானியம் வேலையைப் பார்த்த பிறகுதான் தவணையாக வரும், கூலியோ சனிக்கிழமை சனிக்கிழமை. இடைவெளியை அடைத்தது அம்மாவின் சங்கிலி.

மரத்தூண், திண்ணை, ஓட்டுச் சார்ப்பு எல்லாம் திரும்பி வந்தன. 2008இல் தெருவுக்கு யுனெஸ்கோ விருதும் வந்தது. வெளியே நின்று படம் எடுப்பார்கள். உள்ளே முற்றத்துக்குப் பின்னால் மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை, ஒழுகிக்கொண்டிருக்கும், அடியில் அண்டா. மானியம் தெருவுக்குத் தெரிகிற பக்கத்துக்கு மட்டும்தானே.

2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அரசுக் கட்டடம், உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். எங்கள் பின்கட்டுக்கு யார் வருவார்கள்? மேரி விழுந்த அன்று ராத்திரி அப்பா தூங்கவில்லை, உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு தை மாதம் பின்கட்டைக் கையில் எடுத்தோம், முழுக்க எங்கள் செலவில். அந்தக் கொத்தனார் அதற்குள் போய்விட்டார், அவர் மகன் வந்தான். சித்தப்பாவிடம் தயங்கித்தான் கேட்டேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லாமல் பணம் அனுப்பினார்.