ஸ்கூல் வரைக்கும் சரி, காலேஜுக்கு?

அமெரிக்காவில் விசா இல்லாத குடும்பத்துப் பிள்ளையை அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. 1982-ல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆனால் அந்தத் தீர்ப்பு பள்ளியோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த மாநிலத்தில் இருக்கிறாய் என்பதுதான் தலையெழுத்து. 2001-லேயே இவர்களுக்கும் உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்துக்காரர்களுக்கான குறைந்த காலேஜ் ஃபீஸ்) கொடுத்த டெக்சாஸில் 2025 ஜூனில் அது பறிபோனது. கலிஃபோர்னியாவில் இன்னும் இருக்கிறது, மாநில உதவித்தொகையும் உண்டு. மத்திய அரசின் கல்வி உதவி எங்குமே கிடையாது.

"ஒபாமா கொண்டுவந்த டாக்கா (DACA) இருக்கே?" என்பார்கள். சின்ன வயதில் வந்த பிள்ளைகளை நாடு கடத்தாமல் வேலை செய்யவும் விடுகிற திட்டம் அது. அதற்கு 2007 ஜூன் மாதத்திலிருந்தே அங்கே வசித்திருக்க வேண்டும்! இப்போது முதலாண்டு சேருகிற பிள்ளைகள் பலர் அப்போது பிறக்கவே இல்லை. ஆக வொர்க் பெர்மிட் இல்லை, காலேஜ் லைப்ரரியில் சம்பளத்துக்குப் புத்தகம் அடுக்கக்கூட முடியாது.

காலேஜ் நினைத்தால் செய்யலாம். ஸ்காலர்ஷிப் ஃபார்மில் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (இவர்களிடம் இல்லாத அரசு அடையாள எண்) கட்டத்தைக் காலியாக விட்டாலும் அடுத்த பக்கம் போகிற மாதிரி வைத்தாலே பெரிய உபகாரம். சம்பளத்துக்குப் பதில் ஃபெல்லோஷிப் தொகை தரலாம். இலவசமாக வக்கீல் வைக்கலாம், யுசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டேவிஸ் சட்டக் கல்லூரியில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. யுசி பெர்க்லியில் 2012 முதல் இந்த மாணவர்களுக்கென்று தனிப் பிரிவே உண்டு.

நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் "சட்டவிரோதமா வந்தவங்களுக்கு எதுக்கு?" என்று கேட்கிற அண்ணன்களே, கிரீன் கார்டு வரிசையில் நீங்கள் நிற்கும்போதே ஹெச்-4-ல் (உங்கள் வேலை விசாவை ஒட்டிக் குடும்பத்துக்குத் தரும் விசா) இருக்கும் உங்கள் பிள்ளைக்கு 21 முடிந்தால் அந்த விசாவும் முடிந்தது, தெரியும்தானே?